கால் மில்லிமீட்டர் சுரங்கம்

கோலார் தங்கவயலில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஆழத்துக்கு வந்துவிடுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது, அடியில் பாறையைத் தொட்டால் கை சுடும், கூண்டில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும் என்று தாத்தா சொன்னதை அப்பாவும், அப்பா சொன்னதை மகனும் சொல்வார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்தின் பெருமையை மட்டும் யாரும் மூடவில்லை. அதே ஊரின் விளிம்பில், மானாவாரிக் கொல்லைகளில், வேறொரு சுரங்கம் மழைக்காலந்தோறும் தோண்டப்படுகிறது. அதன் ஆழம் கால் மில்லிமீட்டர் வந்தால் அதிகம். தோண்டுவது ஒரு புழு. தோண்டும் இடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியின் இலை. அந்தச் சுரங்கத்தில் அது தங்குவது சில நாட்கள்தான். உடம்பு பெருத்ததும் வெளியேறி, அதே இலையையோ பக்கத்து இலையையோ மடித்து நூலால் கட்டி, மடிப்புக்குள் குடியேறிவிடும்.

விவசாயிகள் இதைச் சுருள் பூச்சி என்கிறார்கள். வேளாண் துறையின் துண்டறிக்கைகளிலும் அதே பெயர்தான். அறிவியல் பெயர் அப்ரோஏரிமா மோடிசெல்லா. ஜாவாத் தீவில் கிடைத்த பூச்சியை வைத்து 1904-ல் வான் டெவென்டர் என்ற டச்சுக்காரர் விவரித்தது. அந்துப்பூச்சிகளில் ஜெலிக்கியிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பம் பெரிது, உறுப்பினர்கள் எல்லாரும் பொடிசு. பருத்திக் காயைத் துளைக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதன் பங்காளி. 2014-ல் இந்தியாவுக்குள் வந்ததாகக் கண்டறியப்பட்டு, கோலார்த் தக்காளிக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்த தக்காளி ஊசிப்புழுவும் பங்காளிதான். பெயர் கெட்டுப்போன குடும்பம். அந்தக் கெட்ட பெயரே இதைக் கிட்டப்போய்ப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது என்பது என் குறை. பூச்சிமருந்துக் கடைப் பலகையில் இதன் படம் பெரிதாக இருக்கும். செடியில் இது என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்கிறவர் சொற்பம்.

இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிந்துவிடும். ஊருக்குள், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் வெளுத்துப்போய்க் கிடக்கும். அங்கிருந்து பேத்தமங்கலா பக்கமோ ஆந்திர எல்லைப் பக்கமோ போனால், சிவப்பு மண்ணில் கேழ்வரகும் இடையிடையே அவரையும் துவரையும் சாலாக நிற்கும். அதைக் கன்னடத்தில் அக்கடி சாலு என்பார்கள். போர்வெல் கிடைத்த இடமெல்லாம் தக்காளி. கிடைக்காத கொல்லைகளில் மல்லாட்டை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் பேச்சில் நிலக்கடலை இன்னும் மல்லாட்டையாகவே இருக்கிறது. கர்நாடகத்து மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாகப் போடப்படும் டி.எம்.வி. 2 ரகமும் தமிழ்நாட்டிலிருந்து வந்ததுதான். திண்டிவனத்தில் 1940-ல் வெளியிடப்பட்டது. ஆக, கொல்லையில் நிற்கும் செடியும், அதை விதைத்தவர்களில் பலரும், வேறெங்கிருந்தோ வந்து இங்கே வேர்பிடித்தவர்கள். பூச்சி மட்டும் பழைய குடி. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே தெற்காசியாவின் காட்டுப் பயறுச் செடிகளில் இது வாழ்ந்திருக்க வேண்டும். புதுச் செடி ஏக்கர் கணக்கில் வந்து நின்றபோது, அதுவும் பயறுக் குடும்பம்தான் என்று இது சரியாகக் கண்டுகொண்டது.

ஜூன், ஜூலையில் மழை பார்த்து விதைக்கிறார்கள். செடி முளைத்து நாலைந்து இலை விட்டதுமே தாய்ப்பூச்சி வந்துவிடும். இருட்டிய பிறகுதான் அதற்கு வேலை. இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டி, முட்டையை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும். சில நேரம் காம்பிலும் வைக்கும். கும்பலாகக் கொட்டுவதில்லை. முட்டை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது, பளபளப்பான வெள்ளை. நரம்பின் ஓரத்து மெல்லிய ரோமங்களுக்கிடையில் அதைக் கண்டுபிடிக்க வெறுங்கண் போதாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி வேண்டும். அதற்கும் மேலாக, இலையைப் புரட்டிப் பிடிக்கிற பொறுமை வேண்டும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரிகிறது. இப்போதுதான் உள்ளே போகும் கதை தொடங்குகிறது.

மல்லாட்டை இலையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் புழுவின் சாமர்த்தியம் பிடிபடும். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். மேல்தோலுக்கு அடியில் பச்சையம் நிறைந்த நீண்ட உயிரணுக்கள் நெருக்கமாக நிற்கின்றன. அதற்குக் கீழே காற்று புழங்கும் தளர்வான அடுக்கு. கீழ்த்தோலை ஒட்டி, பெரிய பெரிய, பச்சையமே இல்லாத, நீர் தேக்கிவைக்கும் உயிரணுக்களின் வரிசை ஒன்று உண்டு. எல்லாச் செடிக்கும் இப்படிக் கிடையாது. வெயிலும் வறட்சியும் தாங்கும் நிலக்கடலைக்கு இது ஒரு சேமிப்பு. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தக் கால் மில்லிமீட்டர். இதற்குள் நுழைந்து, இரண்டு தோலையும் கிழிக்காமல், நடுவில் உள்ள பச்சையை மட்டும் தின்றுகொண்டு முன்னேற வேண்டும். மேலே கடித்தால் வெயில், கீழே கடித்தால் எறும்பு. இலைக்குள் வாழும் புழுக்களுக்குப் பொதுவாகவே தலை தட்டையாக இருக்கும். வாய் கீழ்நோக்கி இராமல் முன்நோக்கி இருக்கும். குனியாமலே சாப்பிடலாம். குனிய அங்கே இடமும் இல்லை.

பள்ளியில் தமிழ்த் தேர்வில் ஒரு பாட்டைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வார்கள். மோனை ஒரு மதிப்பெண், எதுகை ஒரு மதிப்பெண் என்று எழுதித் தள்ளுவோம். அந்தக் கேள்வியை எழுதியவர் பாட்டுக்குப் பதில் இப்படி ஒரு சிற்றிலையை விடைத்தாளோடு குத்திக் கொடுத்திருந்தால் எனக்குத் தமிழ் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பச்சையில் ஒரு வெளிர்ப் பகுதி தெரியும், சின்னதாக, ஒழுங்கில்லாத கரையோடு. அதுதான் குடைந்த இடம். அதற்குள் மங்கலாக ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் கரும்புள்ளி. கோடு புழுவின் உடல், புள்ளி அதன் தலை. பொறுத்துப் பார்த்தால் புள்ளி இடமும் வலமும் அசையும். சாப்பாடு நடக்கிறது. பின்னால் கருப்புத் தூளாக எச்சம் கிடக்கும். வெளியே கொட்ட வழியில்லாததால் தின்று காலியான பக்கத்தில் ஒதுக்கிவைக்கிறது. அறை வளர வளர ஆளும் வளர்கிறது. ஆள் வளர்ந்த அளவுக்குத்தான் அறையும் வளர்கிறது. இந்தப் பூச்சியிடம் எனக்குப் பிடித்ததே இந்த அளவுக்கணக்குதான். ஒவ்வொரு பருவத்திலும் தன் உடம்புக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் அது கட்டிக்கொள்கிறது. பழைய இடத்தில் உடம்பு நெருக்கத் தொடங்கிய அன்றே அதைக் கைவிட்டுவிடுகிறது.

கைவிடும் நாள் ஐந்தாறு நாளில் வந்துவிடும். இலையின் தடிமன் கூடப்போவதில்லை; புழுவின் தடிமன் கூடிவிட்டது. சுரங்கத்துக்குள் இருந்தபடியே தோலில் ஒரு துளை போட்டு வெளியே வருகிறது. பிறந்ததிலிருந்து இரண்டு தோலுக்கிடையில் அமுங்கிக் கிடந்த உடம்பு முதல்முறையாகக் காற்றுக்கு வருகிறது. வெளியே வரும்போது வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். தலையும் அதை ஒட்டிய கழுத்துத் தகடும் மினுமினுக்கும் கருப்பு. முழுசாக வளர்ந்தால்கூட முக்கால் சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். எறும்பு, சிலந்தி, குருவி, குளவி எல்லாம் உலவும் கொல்லையில் இதற்கு ஓடத் தெரியாது, கொட்டத் தெரியாது, உடம்பில் நஞ்சும் கிடையாது. இருப்பதெல்லாம் வாய்க்கு அடியில் ஒரு நூல் துளை.

அந்த நூலை வைத்து ஒரு இலையை எப்படி மடக்குவது? இலை இந்தப் புழுவைவிடப் பல மடங்கு பெரிது; விறைப்பும் உண்டு. புழுவின் தசைக்கு அதை வளைக்கும் வலு கிடையாது. இலைக்கூடு கட்டும் புழுக்களை ஆராய்ந்த டெரன்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய குழுவினரும் 1991-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. புழு ஒரு நூலை இலையின் ஒரு பக்கம் ஒட்டுகிறது. தலையை வீசி எதிர்ப்பக்கம் கொண்டுபோய், நூலை அதன் இயல்பான நீளத்தைவிடக் கொஞ்சம் இழுத்துப் பிடித்த நிலையில் அங்கே ஒட்டுகிறது. இழுபட்ட பட்டு நூல் சுருங்கப் பார்க்கும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். ஒரு நூலின் இழுப்பு ஒன்றுமில்லை. நூறு நூல் ஒரே இடத்தில் சேர்ந்தால் இலையின் ஓரம் ஒரு முடியளவு உள்ளே வருகிறது. வந்ததும் முன்பு போட்ட நூல்கள் தொய்ந்துவிடும். இப்போது இடைவெளி குறைந்திருப்பதால் அடுத்த கட்டு இன்னும் குட்டையான நூலில் விழும். மறுபடி ஒரு முடியளவு. கல்யாணப் பந்தல் போடுகிறவர் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அது தாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாரே, அந்த வேலைதான். அவருக்குக் கீழே நின்று இழுக்க ஆள் உண்டு. இதற்கு நூலே ஆள்.

முடிந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு தெரியும். தொய்ந்துபோன பழைய நூல்கள் உள்ளே சல்லடையாகக் கிடக்கும். விறைத்து நின்று சுமை தாங்குபவை வெளி ஓரத்தில் கொஞ்சம்தான். உள்ளே கிடப்பவை வீண் என்று தோன்றும். வீண் இல்லை, புழு அவற்றின் மேல்தான் நடக்கிறது. வழவழப்பான இலைத்தோலில் கால் பிடிக்காது, நூலில் பிடிக்கும். வயிற்றுப்பக்கத்துக் குட்டைக் கால்களின் நுனியில் கொக்கிகள் உண்டு, நூலில் மாட்டிக்கொள்ள அவை போதும். கட்டும்போது பயன்பட்ட சாமான் கட்டி முடித்த பிறகு தரையாகிவிட்டது. தையல்காரரின் கண்ணோடு பார்ப்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வேலை அகப்படாது.

மல்லாட்டைக்கே உரிய ஒரு வசதியும் இங்கே இருக்கிறது. ஒரு இலையில் நான்கு சிற்றிலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே. பொழுது சாய்ந்தால் அவை தாமாகவே மேல்நோக்கி எழுந்து, ஒன்றோடொன்று முகம் சேர்த்து மூடிக்கொள்ளும், காலையில் விரியும். சிற்றிலையின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீர் ஏறி இறங்குவதால் நடக்கும் அசைவு அது. புழு ஒரே சிற்றிலையை மடக்குவதும் உண்டு, பல சிற்றிலைகளைச் சேர்த்துப் பிணைப்பதும் உண்டு. சேர்த்துப் பிணைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இரவில் செடியே ஒட்டிக்கொடுத்த இலைகளை, காலையில் விரிவதற்குள் நாலு நூல் போட்டு நிறுத்திக்கொண்டதோ? நிரூபித்த சங்கதி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தியில் ஒரு கொல்லை முழுக்க இலைகள் கைகூப்பி நிற்பதைப் பார்த்தவர்கள் என் சந்தேகத்தைக் கிண்டல் செய்யமாட்டார்கள்.

மடிப்புக்குள் இருக்கும் வாழ்க்கை வேறு. பகல் முழுக்கப் பச்சை வெளிச்சம். இலை விடும் ஈரம் வெளியே போகாமல் உள்ளேயே நிற்பதால் வெளியே மண் காய்ந்து வெடித்தாலும் உள்ளே ஈரப்பதம் இருக்கும். சுவரே சாப்பாடு. இலையின் உட்பக்கத்துத் தோலைச் சுரண்டித் தின்கிறது. அந்த இடம் காகிதமாகி, பழுப்பேறி, வறண்டு போகும். தொட்டால் என்ன செய்கிறது என்று பார்த்தால் அதிலும் ஒரு நேர்த்தி. மடிப்பின் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். எந்தப் பக்கம் தொட்டாலும் மறுபக்கம் துள்ளிப் பின்வாங்கும். மீறிச் சீண்டினால் நூலில் தொங்கி இறங்கிவிடும். இலை மடக்கும் புழுக்களின் உலகத்தில் பின்வாங்குவது ஒரு தனிக்கலை. ஐரோப்பாவில் காஞ்சொறி இனச் செடியின் இலையைச் சுருட்டும் முத்துச்சிப்பி அந்து என்ற பூச்சியின் புழு, ஆபத்து வந்தால் உடலை வளையமாக்கிப் பின்பக்கமாக உருண்டு ஓடும். அந்த வேகம் அதன் சாதாரண நடையைப் போல் சுமார் 40 மடங்கு என்று ஜான் பிராக்கன்பரி அளந்து 1997-ல் எழுதினார். நம் ஊர்க்காரர் அவ்வளவு வித்தை காட்டுவதில்லை. துள்ளல், தொங்கல், அத்தோடு சரி.

இதையெல்லாம் ரசிக்கிறவன் ஒன்றை மறைக்கக் கூடாது. மடிப்பு ஒன்று இரண்டாக இருக்கும்வரைதான் ரசனை. மழை ஏமாற்றிய ஆண்டில் செடிக்குச் செடி, இலைக்கு இலை மடிப்பு விழும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லைக்குத் தீ வைத்துவிட்டார்களோ என்று நினைக்கும்படி பழுப்பாகக் கருகி நிற்கும். விழுதிறங்கிக் காய் பிடிக்கிற நேரத்தில் பச்சை இலை இல்லாமல் போனால் காய் சோடைதான். பேத்தமங்கலா சாலை ஓரக் கொல்லை ஒன்றில் நான் கண்ணாடியும் கையுமாகக் குந்தியிருந்தபோது, மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்றார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

"இன்னா சார், மல்லாட்டச் செடியில தங்கம் தேடுறியா?"

"சுருள் பாக்கறேன் பெரியவரே. இலையை எப்படிக் கட்டியிருக்குது பாருங்க."

"அது கட்டுறத நாங்க பாத்துனுதான் கீறோம். ரெண்டு நாளு நல்ல மழ அடிச்சா காணாம பூடும். வானம் ஏமாத்தும், அது ஏமாத்தாது."

பூச்சியியலார் பல பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். வறட்சி நீடித்தால் சுருள் பெருகும். கனமழை வந்தால் தணியும். பெருமழை, சுரங்கத்தைவிட்டு வெளியே வந்த புழுக்களை அடித்துப் போட்டுவிடும். அந்துகளும் ஒடுங்கிப்போகும். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது 700 மில்லிமீட்டர் சுமார். அதிலும் அதிக மழை செப்டம்பர், அக்டோபரில்தான். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வானம் பொய்த்தால் அந்த இடைவெளி முழுவதும் பூச்சியுடையது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டத்தில் இப்படி இடைவெளிகளுக்குப் பஞ்சமில்லை.

மழை வராத ஆண்டிலும் பூச்சிக்குக் கணக்கு முடிக்க ஆள் இருக்கிறது. மடிப்பைச் சுற்றி ஒரு பொடிக் குளவி நடப்பதைக் கவனிக்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். நிறம் கருப்பு, சிலவற்றில் உலோகப் பச்சை. கொம்புகளால் இலையைத் தட்டித் தட்டி நடக்கும். உள்ளே ஆள் இருப்பது உறுதியானதும் முட்டை வைக்க வழி தேடும். சில இனங்கள் புழுவை முடக்கிவிட்டு அதன் மேலேயே முட்டை ஒட்டுகின்றன. பொரிந்து வரும் குளவிக் குஞ்சு வெளியிலிருந்தே உறிஞ்சித் தின்னும். சில இனங்கள் புழு இன்னும் முட்டையாக இருக்கும்போதே தங்கள் முட்டையை அதற்குள் செலுத்திவிடும். புழு வளர, அதற்குள் அதுவும் வளரும். நிலக்கடலைச் சுருள் பூச்சியைத் தாக்கும் இப்படிப்பட்ட குளவி இனங்கள் இந்தியாவில் பதிவானவை டஜன் கணக்கில். கூரையும் சுவரும் நூலும் எல்லாம் எறும்பை நிறுத்தும், வெயிலை நிறுத்தும். இந்தக் குளவிக்கு மட்டும் அந்த மடிப்பே முகவரி. மருந்தடித்த கொல்லையில் முதலில் காணாமல் போவதும் இவைதான் என்பது வேறு சோகம்.

தப்பிய புழு மடிப்புக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. முன்பு கட்டியதோடு கொஞ்சம் நூல் சேர்த்து மெல்லிய உறை ஒன்று நெய்துகொள்ளும். புழுவைவிடக் கூட்டுப்புழு குட்டை; பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறி, அந்து வெளிவரும் சமயம் கருத்துவிடும். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடியும். முட்டையிலிருந்து அந்துவரை மழைக்காலத்தில் 15 முதல் 28 நாள், குளிர் மாதங்களில் 37 முதல் 45 நாள். அதாவது ஒரே மல்லாட்டைப் பயிரின் ஆயுளுக்குள் மூன்று நான்கு தலைமுறை வந்து போய்விடும். விதைத்தவர் அறுவடை செய்யும் செடியில் இருப்பது, விதைத்தபோது வந்த பூச்சியின் கொள்ளுப்பேத்தி.

வெளிவரும் அந்துவைச் சாதாரணமாகப் பார்த்தால் தூசு. ஆறு மில்லிமீட்டர் நீளம். இலைமேல் உட்கார்ந்தால் மண்துகளா பூச்சியா என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் பார்க்கும்போதுதான் அது அலங்காரம் செய்துகொண்டு வந்திருப்பது தெரியும். முன்சிறகு சாம்பலும் கருப்பும் கலந்தது. ஒரே சாம்பல் அல்ல, செதிலுக்குச் செதில் நிறம் மாறுவதால் ஆழம் உண்டு. சிறகின் முன்விளிம்பில், நுனியை நெருங்கும் இடத்தில், ஒரு வெளிர்ப் புள்ளி. இரண்டு சிறகும் மூடியிருக்கையில் இரு புள்ளியும் எதிரெதிராக வந்து நிற்கும். முகத்திலிருந்து இரண்டு உணர்வுறுப்புகள் மேல்நோக்கி வளைந்து, நெற்றிக்கும் மேலே கூராக நீண்டிருக்கும். இந்தக் குடும்பத்தின் அடையாளம் அது. எனக்குப் பின்சிறகுதான் விசேஷம். அது சிறகு என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குக் குறுகியது. ஆனால் ஓரத்தைச் சுற்றி நீளமான மெல்லிழைகள். சிறகின் அகலத்துக்குக் குறையாத குஞ்சம். இவ்வளவு சிறிய உடம்புக்குக் காற்றே கொஞ்சம் கெட்டியான சரக்கு. அகலமான சிறகைத் தூக்கி அடிப்பதைவிட இழைகளை விரித்து அடிப்பது எடை குறைவு, வேலை நிறைவு. சிறகை மடித்து உட்காரும்போது இந்தக் குஞ்சம் முழுவதும் முன்சிறகுக்கடியில் மறைந்துவிடுவதால், படமெடுத்துப் போடுகிறவர்களில் பாதிப்பேர் இதன் அழகான பாதியைப் படமெடுப்பதே இல்லை.

இரவில் அந்துக்கு வெளிச்சம் பிடிக்கும். பழைய விவசாயிகள் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொல்லையில் தொங்கவிட்டு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வைத்தார்கள்; விழுந்தவற்றைப் பார்த்து இன்னும் எத்தனை நாளில் சுருள் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு இனக்கவர்ச்சிப் பொறி வந்தது. பெண் அந்து ஆணைக் கூப்பிட வெளிவிடும் வாசனையின் முக்கியப் பொருளை 1990-களில் வேதியியலார் பிரித்தறிந்தார்கள். பத்துக் கார்பன் அணுக்களைக் கோத்த சங்கிலி ஒன்று, அதில் குறித்த இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு, வாலில் ஒரு அசிடேட். பிணைப்பின் இடமோ வளையும் திசையோ மாறினால் அது வேறு யாருக்கோ எழுதின கடிதமாகிவிடும். ஒரு கொல்லை முழுக்கப் பரவும் காற்றில், இருட்டில், இதை மட்டும் பிரித்துப் படித்து வந்து சேர்கிறது ஆண். இங்கேயும் அதே அளவுக்கணக்குதான். ஒரு அணு இடம் மாறக் கூடாது.

அக்டோபர், நவம்பரில் செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்துவிட்டுக் கொடியை மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். பூச்சிக்கு அப்போது கொல்லை இல்லை. தானாக முளைத்த மல்லாட்டைச் செடி எங்காவது நிற்கும், துவரை நிற்கும். இவை இல்லாவிட்டால் வரப்பிலும் தரிசிலும் படரும் பழைய சொந்தங்கள்: அவுரி இனத்துக் களைகள், கார்போக அரிசி, காட்டுத் துவரையின் உறவான சிறுகொடிகள். சோயாவும் குதிரை மசாலும் கிடைத்தால் அதுவும் சரி. சுரங்க நிறுவனம் வேலியிட்டு விட்டுப்போன நிலங்களில் யாரும் உழாமல் இந்தக் களைகள் தழைத்துக் கிடக்கின்றன. மூடிப்போன சுரங்கத்தின் மேல் திறந்த இலைச் சுரங்கங்கள் நடக்கின்றன என்று எழுத ஆசையாக இருக்கிறது; ஆனால் களைச்செடியில் சுருள் குறைவாகத்தான் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே உண்மை நிலவரம். அங்கே சிலந்திகள் காலி மடிப்புகளை வாடகையில்லாமல் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஓக் மரங்களில் புழுக்கள் கட்டிவைத்த இலைக்கூடுகள் எத்தனை வகைப் பூச்சிகளைக் குடிவைக்கின்றன என்று லில், மார்க்விஸ் என்ற இருவர் ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள்: கூடு உள்ள மரத்தில் பூச்சி வகைகள் கூடுதல். ஒரு புழு போட்ட நாலு நூல் ஒரு மரத்தின் குடித்தனக் கணக்கையே மாற்றிவிடுகிறது.

ஆசியப் பூச்சியாகவே அறியப்பட்ட சுருள் பூச்சி 1998-ல் உகாண்டாவில் நிலக்கடலையில் தென்பட்டது. அதன்பின் மலாவி, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா என்று கிழக்கும் தெற்குமாகப் பரவியது. மல்லாட்டை தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா, ஆசியா என்று உலகைச் சுற்றியது. அதன் மடிப்புக்காரர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டு இரண்டாம் பாதி நல்ல சமயம், ஒரு வாரமாவது மழை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பேத்தமங்கலா, கேசம்பள்ளிப் பக்கம் எந்த மானாவாரிக் கொல்லையும் சரி, கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாம். காலை எட்டு மணிக்கு முன்னால் போகவும். வெயில் சாய்வாக இருக்கும்போது இலையைத் தூக்கிப் பிடித்தால் சுரங்கம் தெரியும், உச்சி வெயிலில் தெரியாது. கருகிய கொல்லையைத் தவிர்த்துவிட்டு, பச்சை இன்னும் மிச்சமிருக்கும் கொல்லையாகப் பாருங்கள். முதலில் பழுப்புப் புள்ளி, பிறகு மடிப்பு. ஒரே செடியில் இரண்டும் இருந்தால் இரண்டு வயதுப் புழுவும் உண்டு என்று அர்த்தம். மடிப்பைப் பிரிக்காமல் ஓரத்து நூலை மட்டும் கண்ணாடியில் பாருங்கள். பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று. புழு வேறு இலை தேடிப் போகும். மறுபடி கட்ட நூல் செலவு அதனுடையது. கொல்லைக்காரர் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் சுருள் என்று சொன்னால் போதும், மீதியை அவரே சொல்லிக்கொடுப்பார்.